மஞ்சள் தடவி வந்த கடுதாசி

என் வீட்டுக்காரர் செத்து இருபத்தாறாம் நாள் எனக்கு ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்தது. பண்ணைக்காட்டில் எங்கள் தெருவில் அதுவரைக்கும் ரிஜிஸ்தர் வாங்கிய பொம்பளை யாரும் கிடையாது. தபால்காரர் வாசலில் நின்று மை டப்பாவைத் திறந்தார், என் கட்டைவிரலுக்காக. பேனாவைக் கொடுங்கள் என்றேன். என் பெயரில் ஐந்து எழுத்து. ஐந்தையும் நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அவர் பொறுத்து நின்றார். பொறுக்காமல் என்ன செய்வார்.

கையெழுத்துப் போட்ட பெருமை கவரைத் திறந்ததும் போய்விட்டது. பழுப்புக் கவர், உள்ளே டைப் அடித்த இங்கிலீஷ், மேலே ஒரு முத்திரை, கீழே ஒரு கிறுக்கல். எங்களுக்குப் பழுப்புக் கவர் என்றால் கோர்ட்டு, ஜப்தி, தாசில்தார். ஆயக்குடிப் பக்கம் என் அப்பா வைத்திருந்த கொய்யாத் தோப்பு இப்படி ஒரு கவரோடுதான் போனது. அவர் அதை யாரிடமும் காட்டாமல் கூரையில் செருகி வைத்தார். வாய்தா நாள் தாண்டியபிறகு கோர்ட்டு அமீனா ஜப்தி பண்ண வந்து நின்றபோதுதான் அதில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது.

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இங்கிலீஷில் ஒரு எழுத்துக் கூடத் தெரியாது. ஆனால் நம்பர் தெரியும். மலைவாழைத் தார் வாங்கி ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தையில் விற்றவள் நான். எந்த வியாபாரியும் என்னிடம் கணக்கில் விளையாடியதில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, இதை வாசித்துச் சொல்லுங்கள் என்று எஸ்டேட் ஆபீஸில் போய் எப்படி நிற்பது? கவரைக் கொள்ளுப் பானைக்குள் போட்டு மூடினேன். அப்பா செய்ததையேதான் நானும் செய்கிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் ஆள் இல்லை. மூத்தவள் பிறந்த வருஷம் ஒரு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு இரண்டாயிரம் ரூபாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். வருஷா வருஷம் காப்பிப்பழம் எடுக்கிற காலத்தில் பணம் கட்டிவிட்டு வந்து, "நான் செத்தா நீ பணக்காரி" என்று சிரிப்பார். வாயைக் கழுவுங்கள் என்று திட்டுவேன். அந்தப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது.

நாங்கள் இருந்தது எஸ்டேட் வீடு. ஐந்து மாதத்தில் காலி பண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்புறம் எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் கொழுந்தன் வீடுதான் கதி. அங்கே ஏற்கனவே இரண்டு அறைக்குள் ஆறு பேர். பத்திரத்துப் பணம் கைக்கு வந்தால் மேட்டில் ஒரு மண்சுவர் வீடும் அதையொட்டிக் கொஞ்சம் வாழைக் கொல்லையும் விலைக்கு இருந்தன, வாங்கிவிடலாம். வராவிட்டால் இன்னொருத்தி அடுப்படியில் என் பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

பழுப்புக் கவர் பானைக்குள் கிடந்த பத்தாம் நாள் இன்னொரு கடுதாசி வந்தது. இது வெள்ளைக் கவர், நல்ல தமிழ். கவரிலும் உள்ளே காகிதத்திலும் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவியிருந்தது. தீக்குச்சியை எழுத்துக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி, வேலைக்கு நடுவே இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். காலஞ்சென்ற தங்கள் கணவர் கட்டி வந்த இன்சூரன்ஸ் பணம் போனஸோடு சேர்ந்து மூவாயிரத்து ஐநூறு ரூபாய் தயாராக இருக்கிறது. அசல் பத்திரத்தைத் தபாலிலும், செலவுத் தொகை முப்பத்தைந்து ரூபாயை மணியார்டரிலும் அனுப்பினால் பத்தே நாளில் பணம் வீடு வந்து சேரும். இடைத்தரகர்கள் ஏமாற்றுவார்கள், ஆகையால் இதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். கீழே மதுரையில் ஏதோ ஒரு சந்து, கதவு நம்பர்.

எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரோ ஒருவர் என்னை 'அம்மாள் அவர்கள்' என்று எழுதியிருந்தார். மடிக்கும்போது விரலில் மஞ்சள் ஒட்டியது. சட்டென்று கையை இழுத்துக் கழுவிக்கொண்டேன். மங்கலத்துக்குத் தடவிய மஞ்சள், நான் இப்போது தொடக் கூடாதது என்று பட்டது. தப்பு என்னுடையது என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே கொழுந்தன் வந்துவிட்டார்.

"மதினி, மஞ்சள் தடவின கடுதாசி வந்திருக்காம்ல?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"தபால்காரரு டீக்கடையில சொன்னாரு."

"அவரு சோலி தபால் குடுக்குறதா, தண்டோரா போடுறதா?"

கொழுந்தன் எழுத்துக் கூட்டாமல் ஓட்டமாக வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மூவாயிரத்து ஐநூறு, மதினி. அண்ணன் போயும் நமக்குச் செஞ்சிட்டுப் போயிருக்கு. பத்திரத்தை எடுங்க. நாளைக்கு வெள்ளனே வத்தலக்குண்டு போயி அனுப்பிச்சிட்டு வந்துர்றேன்."

கெட்ட மனுஷன் இல்லை அவர். நான் தனி வீடு வாங்கிக்கொண்டால் அவர் வீட்டில் சண்டை குறையும். அந்த ஆசைதான். நான் நாளைக்குத் தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், வந்த காகிதத்தை ஒரு ராத்திரியாவது வைத்திருந்து பார்க்காமல் பதில் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் குழம்புக்கு அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் மஞ்சள். அந்த விரலைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இதை எழுதினவனும் இப்படித்தான் விரலைத் தோய்த்திருப்பான். ஒரு மூலை, இரண்டு மூலை, மூன்று, நாலு. நடுவில் 'காலஞ்சென்ற' என்று எழுதிவிட்டுச் சுற்றிலும் மஞ்சள். எந்தக் கை அப்படிச் செய்யும்? கல்யாணம், சடங்கு, குழந்தை பிறந்தது என்று எழுதினால் மஞ்சள் தடவுவோம். சாவைச் சொல்லி வருகிற கடுதாசியை வாசலிலேயே வாசித்துக் கிழித்துப் போடுவோம், வீட்டுக்குள் கொண்டு வர மாட்டோம். என் முகத்திலிருந்து மஞ்சளை எடுத்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. எனக்குப் போய் எவன் மஞ்சள் தடவி அனுப்புவான்?

அம்மியை அப்படியே விட்டு எழுந்துபோய் அந்தக் கடுதாசியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

கொழுந்தன் வந்ததும் சொன்னேன். "சாவை எழுதின காகிதத்துல எவனாவது மஞ்சள் தடவுவானா தம்பி?"

"பணம் வர்ற காகிதம் மதினி. லட்சுமி. அதான் தடவியிருக்கான்."

"ஒங்க அண்ணன் செத்ததுக்கு வர்ற பணம். அதுல எங்கேருந்து வந்தா லட்சுமி?"

"டவுன்காரனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"தெரியாதவன் தடவ மாட்டான். மஞ்சளைப் பாத்தா நம்ம மனசு இளகும்னு தெரிஞ்சவன்தான் தடவியிருக்கான். சாவு வீட்டுக்குப் போகுதேன்னு மட்டும் யோசிக்கலை. எத்தனை வீட்டுக்கு ஒண்ணா ஒக்காந்து தடவினானோ."

"மஞ்சளை வச்சு மூவாயிரத்தைத் தள்ளுவீகளா? கடைசியில எல்லாரும் எங்க வீட்டு அடுப்பைத்தான் ஊதப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது சுருக்கென்று குத்தியது. ஆனாலும் பத்திரத்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பயம் முழுசாக வந்தது. எவனோ ஒருத்தன், முகம் தெரியாதவன், எங்கள் வீட்டுச் சாவைக் கேள்விப்பட்டிருக்கிறான். எங்கள் பெட்டியில் பத்திரம் இருப்பது வரைக்கும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பகலில் கதவைத் திறந்து வைக்கப் பயந்தேன். பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் அது மொரமொரவென்று சத்தம் போடும். பிள்ளைகள் கேட்டால் வயிற்றுவலிக்குக் கட்டியிருக்கிறேன் என்பேன்.

அப்போதுதான் கொள்ளுப் பானை ஞாபகம் வந்தது. பழுப்புக் கவரை எடுத்து உதறினேன். அதில் மஞ்சளும் இல்லை, ஒரு நல்ல வார்த்தை இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் மேலே ஒரு நம்பர் இருந்தது. பத்திரத்தை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தேன். பத்திரத்திலும் ஒரு நம்பர். தீக்குச்சியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு நம்பரும் ஒன்றுபோல இருந்தன. வெள்ளைக் கவரில் அந்த நம்பர் எங்கேயும் இல்லை. பணத்து நம்பரும் வீட்டு நம்பரும்தான் இருந்தன.

அதிலே ஒரு நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். ஒன்று திருட்டுக் கடுதாசி என்று தெரிந்தால் மற்றது நல்லது என்று ஆகிவிடுமா? ஒரே கூட்டத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதலாம் இல்லையா?

சந்தையில் எனக்கு ஒரு வாடிக்கைக்காரி இருந்தார். நாயுடுபுரத்தில் குடியிருந்த டீச்சர், மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. பழத்தைத் தொட்டுப் பார்க்காமல், நான் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் போவார். அந்த ஞாயிற்றுக்கிழமை பழம் இல்லாமல் பஸ் ஏறினேன். வயிற்றில் பத்திரம், மடியில் இரண்டு கவர். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் இவன்தானோ, இவன்தானோ என்று இருந்தது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இறங்குகிற வரைக்கும் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

டீச்சர் கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உட்காரச் சொன்னார். எனக்கு இதை வாசிக்கத் தெரியாது என்று ஒருத்தரிடம் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெள்ளைக் கவரை ஒரு தடவையும் இங்கிலீஷ் கடுதாசியை இரண்டு தடவையும் வாசித்தார். "இது ஒங்க எஸ்டேட் ஆபீஸ் எழுதின லெட்டருக்கு ரிப்ளை. அவங்களே ஹஸ்பண்டு இறந்ததைத் தெரியப்படுத்தியிருக்காங்க. பாலிசியையும் டெத் சர்ட்டிபிகேட்டையும் அனுப்பச் சொல்லியிருக்கு. கூட ஒரு பாரம் இருக்கு, அதுல நீங்க சைன் பண்ணணும்."

"இதுவும் பத்திரத்தைத்தான் கேக்குதா?" வெள்ளைக் கவரைத் தொட்டுக் காட்டினேன். "அதுவும் அதைத்தான் கேக்குது டீச்சர்."

"அது பணமும் கேக்குது. இது கேக்கலை. ஒங்களுக்குக் குடுக்க வேண்டிய பணத்தை வச்சிருக்கறவன் ஒங்ககிட்ட எதுக்கு முப்பத்தஞ்சு ரூபா கேக்கறான்? யார்கிட்டயும் காட்டாதேன்னு வேற எழுதியிருக்கான். நல்ல காரியம்னா நாலு பேருக்குக் காட்டச் சொல்ல மாட்டானா?"

"இவனும் பொய்க்காரனா இருந்தா?"

டீச்சர் சட்டென்று இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பத்திரத்தைக் கேட்டார். எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே சின்ன எழுத்தில் ஒரு விலாசம் அச்சடித்திருந்தது. "இது ஒங்க வீட்டுக்காரர் கையில வாங்கினது. இதுல இருக்கற அட்ரஸுக்கு நாம எழுதுவோம். இந்தக் கவர்ல இருக்கறதுக்கு வேண்டாம், அந்தக் கவர்ல இருக்கறதுக்கும் வேண்டாம். இந்த இங்கிலீஷ் லெட்டர் நீங்க அனுப்பினதுதானான்னு கேப்போம். பதில் வர்ற வரைக்கும் பத்திரத்தை யார்கிட்டயும் குடுக்காதீங்க. என்கிட்டயும்தான்."

கடைசியாகச் சொன்னதில்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

பதில் வருவதற்குள் ஆள் வந்துவிட்டான்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மூத்தவள் பள்ளிக்கூடத்தில், சின்னவள் பாயில் தூங்குகிறாள். வாசலில் வெள்ளைச் சட்டை, குடை, தோல் பை. பின்னால் கொழுந்தன். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது; முழுசையும் பிறகுதான் சொன்னார். கைக்காசு முப்பத்தைந்து ரூபாயை அவரே மணியார்டர் பண்ணி, பத்திரத்தை மதினி தரமாட்டேன் என்கிறது, நேரில் வந்து எடுத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார்.

"கும்பிடுறேன் அம்மா" என்றான் வந்தவன். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. "ஒங்க நன்மைக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பத்திரத்தைக் குடுத்தீங்கன்னா இப்பவே ரசீது போட்டுத் தர்றேன்."

நான் நிலைப்படியை விட்டு நகரவில்லை. பத்திரம் வயிற்றில் இருக்கிறது. மூச்சை இழுத்துவிட்டால் மொரமொர என்று கேட்டுவிடுமோ என்று மேல்மூச்சாக வாங்கிக்கொண்டு நின்றேன்.

"நம்பரைச் சொல்லுங்க" என்றேன்.

"எந்த நம்பர்?"

"பத்திரத்து நம்பர். ஆபீஸ்ல பணம் தயாரா இருக்குன்னா நம்பர் இல்லாமயா இருக்கும்?"

"அது ஆபீஸ்ல ரெக்கார்டுல இருக்கும்மா. எங்களுக்கு ஆயிரம் பேரு."

"எங்க வீட்டுக்காரரு பேரு தெரியுது. ஊரு தெரியுது. நம்பர் மட்டும் தெரியலையா?"

கொழுந்தன் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நம்பரைச் சொல்லிருங்க சார். மதினி கணக்குல கெட்டி, கேட்டா விடாது."

அவன் சிரித்தான். பையைத் திறந்து எதையோ தேடினான், மூடினான். நான் அதற்குள் ஒரு பொய்யைக் கட்டி வைத்திருந்தேன். "பத்திரம் இங்க இல்லை. நாலு நாளைக்கு முன்னாடியே ஆபீஸுக்கு ரிஜிஸ்தர்ல அனுப்பியாச்சு. நீங்க ஆபீஸ்காரருதானே, அங்க போயிப் பாருங்க."

அவன் சிரிப்பு முகத்திலேயே நின்றது, கண் மட்டும் மாறியது. என்னைத் தாண்டி உள்ளே, பாயில் கிடந்த சின்னவளைப் பார்த்தான். "பதினஞ்சு நாள்தான் டைம். அப்புறம் பணம் சர்க்காருக்குப் போயிரும். ரெண்டு பொம்பளப் பிள்ளைக வச்சிருக்கீங்க. பாத்துக்குங்க" என்றான்.

இரண்டு என்று அவனுக்கு யார் சொன்னது? கொழுந்தன் சொல்லியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு அவன் நடந்து போகிற வரைக்கும் நின்றிருந்தேன். மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நானே போய்க் கூட்டி வந்தேன். அன்றையிலிருந்து இரண்டு மாதம் தினமும் நானேதான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தேன்.

"போலீசுல எழுதி வைப்போமா தம்பி?" என்று கேட்டதற்குக் கொழுந்தன், "முப்பத்தஞ்சைக் குடுத்து ஏமாந்தேன்னு ஊருக்கே சொல்லணுமா மதினி? விடுங்க" என்றார். அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவும் இல்லை. அந்த வீட்டாருக்கும் பெருமை உண்டு.

டீச்சருக்கு இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. ஆமாம், நாங்கள் அனுப்பியதுதான், அதே நம்பர். இனிமேல் பத்திரத்தை அனுப்பித்தான் ஆக வேண்டும். கொடைக்கானல் தபாலாபீஸில் நான் கவரை நீட்டினேன், ஆனால் கை விடவில்லை. கவுண்டரில் இருந்தவர் அந்தப் பக்கம் பிடித்து இழுக்கிறார், நான் இந்தப் பக்கம் பிடித்திருக்கிறேன்.

"விட்டாத்தானேம்மா போகும்" என்றார்.

ரசீதைப் பத்திரம் இருந்த துணியிலேயே சுற்றி அதே இடத்தில் கட்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தது என்று கையெழுத்தாகி அட்டை திரும்பி வரப் பதினோரு நாள். அதற்கப்புறம் ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. எஸ்டேட்டிலிருந்து வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்து போனார்கள். பஸ் ஹாரன் அடித்தால் குடையும் தோல் பையும் இறங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். இரண்டு கடுதாசியும் ஒரே ஆள் எழுதியதுதான், டீச்சரும் ஏமாந்துவிட்டார் என்று பாதி நாள் நினைத்தேன். கொழுந்தன் பெண்சாதி ஒரு மூலையை ஒழித்துப் பாய் போட இடம் பண்ணி வைத்திருந்தாள். நல்ல மனசோடுதான் செய்தாள். அந்த மூலையைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு நாள் மறுபடியும் பழுப்புக் கவர். இந்தத் தடவை ஐந்து எழுத்தையும் வெரசாகப் போட்டேன். உள்ளே ரூபாய் இல்லை. பூப்பூவாகக் கோடு போட்ட ஒரு காகிதத் துண்டு, அவ்வளவுதான். பணம் என்று நான் கண்டது நோட்டு, இல்லாவிட்டால் தபால்காரர் எண்ணிக் கொடுக்கிற மணியார்டர். இது என்ன, தியேட்டர் நோட்டீஸ் மாதிரி? பத்திரத்தை வாங்கிக்கொண்டு துண்டுக் காகிதத்தை அனுப்பிவிட்டார்கள் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரைப் பார்த்தேன். இரண்டும் மூன்று சைபரும் இருந்தது. மூவாயிரத்து ஐநூறு இல்லை. அவர் எடுத்த இரண்டாயிரமும், பக்கத்தில் கொஞ்சம் சில்லறையும். அதைப் பார்த்தபிறகுதான் மூச்சு வந்தது.

டீச்சர் பாங்கிக்குக் கூட்டிப்போனார். செக் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். என் கையெழுத்தைப் போட்டுக் கணக்கு ஆரம்பித்தார்கள். காகிதத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, எட்டு நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். மறுபடியும் எட்டு நாள். போனேன். டீச்சரும் கூட வந்தார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதி நீட்டினார்கள்.

"பணம் வந்துருச்சும்மா" என்றார் அங்கே இருந்தவர்.

"எங்க?"

"ஒங்க கணக்குல."

"பத்து ரூபா குடுங்க."

பாரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நம்பர் போட்ட பித்தளை வில்லை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்டபோது போனேன். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு முதல் ஆளிடமே திரும்பிப் போய் அதைக் கட்டிவிட வேண்டும் என்றேன்.

"இப்பத்தானேம்மா எடுத்தீங்க?"

"வருதான்னு பாத்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொரு பாரம் கொடுத்தார்கள். அதிலும் ஐந்து எழுத்து எழுதினேன். மறு வாரம் மேட்டு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து முன்பணம் எடுத்தேன்.